பைதானில் நேர மண்டலம்: பைடிஸட்டா, ஸோன்இன்ஃபோவா, பெண்டுலமா?

பைதான் நிரல்மொழியின் டேட்டைம் நூலகத்தில் நேர மண்டலத்தை வைக்க இடம் இருந்தது. நியூயார்க், லண்டன் போன்ற மண்டலங்களின் விதிகள்தான் உள்ளே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பல ஆண்டுகள் நிரப்பியது பைடிஸட் என்ற வெளி நூலகம். இன்றும் பழைய நிரல்களில் எங்கு தோண்டினாலும் அதுதான் அகப்படுகிறது.

அதன் பெரிய கண்ணி இதுதான். டேட்டைமை உருவாக்கும்போதே டிஇசட்இன்ஃபோ என்ற இடத்தில் நியூயார்க் மண்டலத்தைத் தந்தால், யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி 56 நிமிடம் பின்தங்கிய நேரம் வரும். அது 1883 வரை புழங்கிய உள்ளூர்ச் சூரிய நேரம்! பிழைச் செய்தி எதுவும் வராது. லோக்கலைஸ் செயல்கூறு வழியாகத்தான் மண்டலத்தைச் சேர்க்க வேண்டும். கூட்டல் கழித்தலுக்குப் பின், மண்டல வித்தியாசத்தைச் சரிசெய்ய நார்மலைஸும் தேவை.

2020 அக்டோபரில் பைதான் 3.9 உடன் உள்ளமைந்தே வந்த ஸோன்இன்ஃபோ நூலகத்தில் இந்தச் சடங்குகள் இல்லை. நேரடியாகக் கொடுத்தாலே போதும். விண்டோஸில் மட்டும் மண்டல விதிகள் அடங்கிய டிஇசட்டேட்டா தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். புது நிரலுக்கு என் தேர்வு இதுதான், ஆனால் இரண்டு மனக்குறைகளோடு.

முதலாவது, கோடைகால நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி பின்னே தள்ளப்பட்டதால் 2024 நவம்பர் 3 அன்று நியூயார்க்கில் அதிகாலை 1:30 இருமுறை வந்தது. இரண்டில் எது என்று சொல்லும் ஃபோல்ட் பண்பை 1 என்று மாற்றாவிட்டால் ஸோன்இன்ஃபோ சத்தமில்லாமல் முதல் 1:30 ஐ எடுத்துக்கொள்ளும். பைடிஸட்டிடம், கோடைகால நேரமா என்று குறிக்கும் இஸ்_டிஎஸ்டிக்கு None (மதிப்பு இல்லை) என்று தந்தால் பிழை எழுப்பி நம்மை நிறுத்தும். கட்டண ரசீது, பணிநேரப் பதிவு போன்றவற்றில் அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது, கணக்கு. 2024 மார்ச் 9 நண்பகலோடு 24 மணி நேரத்தைக் கூட்டினால், ஸோன்இன்ஃபோ மண்டலத்துடன் மறுநாள் நண்பகல் கிடைக்கிறது. இடையில் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டதால் உண்மையில் கழிந்தது 23 மணிதான். ஒரே மண்டல நேரங்களுக்கிடையே டேட்டைம் சுவர்க் கடிகாரத்தை மட்டுமே பார்க்கிறது. யூடிசிக்கு மாற்றிக் கூட்டினால் மதியம் 1 மணி என்ற சரியான விடை வரும்.

பெண்டுலம் என்ற வெளி நூலகம் மிளிர்வது இங்கேதான்: 24 மணி என்றால் மதியம் 1, ஒரு நாள் என்றால் நண்பகல். சந்தா, நினைவூட்டல் என்று நாள்காட்டிக் கணக்கு நிறைந்த செயலிக்கு, கூடுதலாக ஒரு வெளி நூலகத்தைச் சுமந்தாலும் தகும். ஆரோ என்ற இன்னொரு நூலகம் எழுத இனிமையானது. ஆனால் மண்டலம் இல்லாத டேட்டைமைக் கேள்வியின்றி யூடிசி என்றே எடுத்துக்கொள்கிறது. நான் தவிர்ப்பேன்.

பைடிஸட்டில் ஓடும் பழைய நிரலை உடனே பிரித்துப்போட வேண்டுமா? ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தைப் பயன்படுத்துவோர் தள்ளிப்போட முடியாது: அதன் 4.0 பதிப்பில் ஸோன்இன்ஃபோ இயல்புத் தேர்வானது, 5.0 இல் பைடிஸட் ஆதரவே நீங்கியது. மற்றவர்கள் லோக்கலைஸ் அழைப்புகளைத் தேடி ஒவ்வொன்றாக மாற்றலாம். இஸ்_டிஎஸ்டி உள்ள வரிகளை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்குத் தனிச் சோதனைகள் எழுத வேண்டியிருக்கும்.