நாற்பது நொடி டிக்டேஷனா, ஒரு மணி நேர லெக்சரா?

புத்தகத்தில் படித்தால் தெளிவாகப் புரிகிற ஆங்கிலம், அமெரிக்க வகுப்பறையில் காதில் விழும்போது பாதி நழுவிவிடுகிறது. வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் இதற்குக் கையாளும் வழிகள் மூன்று: சப்டைட்டிலோடு பார்ப்பது, முழு லெக்சரைக் குறிப்பெடுத்தபடி கேட்பது, சின்னத் துண்டை எடுத்துச் சொல்லுக்குச் சொல் டிக்டேஷன் எழுதுவது. என் ஓட்டு டிக்டேஷனுக்கு. படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் இருந்து, காது மட்டும் பின்தங்கியிருப்பவர்களுக்கு இது பொருந்தும். சொல்வளமே குறைவு என்றால் டிக்டேஷன் வெறும் தலைவலி, முதலில் வாசிப்புதான்.

சப்டைட்டிலை ஒரே வரியில் முடித்துவிடலாம்: எழுத்து திரையில் இருக்கும்வரை கண்தான் உழைக்கும், காது ஓய்வெடுக்கும்.

லெக்சர் கேட்பது அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரிலும், 2007-இல் தொடங்கிய ஓப்பன் யேல் கோர்சஸிலும் முழுப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யேலில் எழுத்துவடிவமும் கூடவே இருக்கும். நல்ல சரக்கு. சிக்கல் என்னவென்றால், லெக்சர் கேட்பவருக்குத் தான் எதைத் தவறவிட்டோம் என்பதே தெரியாது. மெக்கானிக்கல் படித்தவர் தெர்மோடைனமிக்ஸ் லெக்சர் கேட்டால் கரும்பலகைச் சமன்பாடே பாதியைச் சொல்லிவிடும். மீதியைப் பாட அறிவு இட்டு நிரப்பும். முடிவில் 'புரிந்தது' என்று தோன்றும். காது என்ன செய்தது என்பதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது.

என் கணக்கில் தேர்வைத் தீர்மானிப்பது இதுதான்: பிழை எங்கே என்று எந்தப் பயிற்சி காட்டிக்கொடுக்கிறது? ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். பேராசிரியர் சொல்வது நம் காதில் இப்படி விழுகிறது: 'யூ கேன் டர்ன் இட் இன் லேட்.' தாமதமாகக் கொடுத்தாலும் பரவாயில்லை என்கிறார் என்று நம் காது எடுத்துக்கொள்ளும். அவர் சொன்னது அதற்கு நேர் எதிர், 'கேன்ட்'. கடைசி 'ட்', அடுத்து வரும் 'டர்ன்' என்பதன் முதல் ஒலியோடு கரைந்துவிட்டது. அமெரிக்கப் பேச்சில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த 'ட்' அல்ல, உயிரொலி. 'முடியும்' என்றால் அந்தச் சொல் அழுத்தமின்றிச் சுருங்கி 'கன்' அல்லது வெறும் 'க்ன்' ஆகிவிடும்; 'முடியாது' என்றால்தான் 'கே' முழுசாக, அழுத்தமாக ஒலிக்கும். நாமோ நம் ஆங்கிலத்தில் 'முடியும்' என்பதற்கே முழு 'கேன்' சொல்லிப் பழகியவர்கள். அதனால் பொருள் தலைகீழாகிறது. (பிரிட்டனில் 'கான்ட்' என்று நெடிலாக வருவதால் இந்தக் குழப்பம் குறைவு.)

லெக்சர் கேட்பவர் இந்த இடத்தை ஐயமே இல்லாமல் கடந்துபோவார். டிக்டேஷன் எழுதியவரின் தாளில் 'கேன்' என்று இருக்கும், எழுத்துவடிவத்தில் 'கேன்ட்' என்று இருக்கும். சிவப்பு மையில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு ஈடாக லெக்சர் கேட்பதில் எதுவும் இல்லை.

ஒலி இப்படிச் சுருங்குவது நமக்குப் புதிதும் அல்ல. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்கேன்' என்றுதானே பேசுகிறோம்? பாடநூல் தமிழ் மட்டும் கற்ற ஒருவர் திருச்சி பஸ் ஸ்டாண்டில் விழிப்பதைப் போலத்தான் நாம் அங்கே விழிக்கிறோம். நமக்கு ஒரு சாதகமும் உண்டு. 'வாட் ஐ ஆம் கோயிங் டு டூ' என்பது அங்கே 'வடைம் கனடூ' என்று விழும். உயிர்களுக்கு நடுவில் மெலியும் அந்த அமெரிக்க 'ட', நம் 'வடை'யில் வரும் 'ட'வுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒருமுறை பிடிபட்டால் மறக்காது.

செய்முறைக்கு வருவோம். உங்கள் துறை அல்லாத பாடமாகப் பாருங்கள். பாட அறிவு உதவிக்கு வரக் கூடாது. யேலில் ஷெல்லி கேகன் நடத்திய மரணம் பற்றிய தத்துவப் பாடம், 26 வகுப்புகள், இதற்கு வாகானது. ஸ்லைடு பார்த்து ஊகிக்க வழியில்லாத பேச்சு. அதில் 40 நொடி வெட்டினால் ஏறக்குறைய 100 சொல் வரும். முதலில் பேனாவைத் தொடாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பிறகு ஐந்தாறு சொல்லாக நிறுத்தி எழுதுங்கள். விஎல்சி பிளேயரில் ஷிஃப்ட்டோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் 3 நொடி பின்னால் போகும். யூடியூபில் இடது அம்புக்குறி மட்டும், 5 நொடி. பிடிபடாத இடத்தில் எத்தனை அசை கேட்டதோ அத்தனை கோடு போட்டு நகருங்கள். ஒரு துண்டுக்கு ஐந்து முறைதான். அதற்கு மேல் கேட்டால் காது கற்பனை செய்யத் தொடங்கிவிடும்.

வேகத்தைக் குறைக்க ஆசை வரும். குறைப்பதால் பெரிய பயனில்லை. 0.75-இல் வைத்தாலும் 'க்ன்' என்பது நீண்ட 'க்ன்' ஆகுமே தவிர 'கேன்' ஆகாது. 0.5-இல் ஒலியே சிதைந்துவிடும். திரும்பக் கேட்பதே மேல்.

எழுத்துவடிவத்தோடு ஒப்பிட்டதும் பிழைகளை மூன்று வகையாகக் குறியுங்கள். ஒன்று, தெரியாத சொல்: அகராதியைப் பார்த்தால் முடிந்தது. இரண்டு, தெரிந்த சொல்லே அடையாளம் தெரியாமல் வந்தது: 'ட்வென்டி' என்பது 'ட்வெனி' ஆனது போல. மூன்று, சொல் எல்லை தவறியது: 'ஆஸ்க் ஹிம்' என்பதில் 'ஹ' விழுந்து 'ஆஸ்கிம்' என்று ஒட்டிக்கொண்டது, 'ஷுட் ஹாவ்' என்பது 'ஷுடவ்' ஆனது. இரண்டாம், மூன்றாம் வகைகள்தான் உண்மையான வேலை. அவற்றைத் தனி நோட்டில் எழுதி, ஒலியோடு சேர்ந்து அதே வேகத்தில் வாய்விட்டுப் பத்துமுறை சொல்லுங்கள். வாய் சுருக்கக் கற்றதைக் காது எளிதில் பிடிக்கும். மறுநாள் அதே 40 நொடியைத் தாளில்லாமல் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். 100 சொல்லில் 40 பிழைக்கு மேல் வந்தால் எளிய பேச்சாளருக்கு மாறுங்கள். 5-க்குக் கீழே போய்விட்டால் நேர விரயம். ஒரு எச்சரிக்கை: தானியங்கி கேப்ஷனை விடைத்தாளாக வைக்காதீர்கள். கலைச்சொல்லில் தடுக்கும், 'கேன்', 'கேன்ட்' குழப்பமும் அதற்கு உண்டு. மனிதர் தயாரித்த எழுத்துவடிவத்திலும் 'அம்', 'யூ நோ' போன்றவற்றையும் திரும்பச் சொன்ன சொற்களையும் செப்பனிட்டு நீக்கியிருப்பார்கள். நீங்கள் கேட்டது தாளில் இல்லையென்றால் உடனே உங்கள் காதைப் பழிக்க வேண்டாம்.

வளாக உரையாடலுக்கு வந்தால் டிக்டேஷனுக்கும் எல்லை தெரிகிறது. சொல் எல்லாம் பிடிபட்டும் பொருள் நழுவும் இடம் அது. 'யூ மைட் வான்ட் டு டாக் டு தி டி.ஏ.' (டி.ஏ. என்பவர் பேராசிரியருக்கு உதவும் டீச்சிங் அசிஸ்டன்ட்) என்று பேராசிரியர் சொன்னால், போய்ப் பார் என்றே அர்த்தம்; விருப்பமிருந்தால் பார் என்பதல்ல. புத்தகம் 'ஆன் ரிசர்வ்' என்றால் யாரோ முன்பதிவு செய்துவிட்டார்கள் என்று திரும்பிவிடக் கூடாது; அந்தப் பாட மாணவர்களுக்காக நூலகக் கவுண்டரிலேயே வைத்து, குறுகிய நேரத்துக்குக் கொடுப்பார்கள். 'இன்கம்ப்ளீட்' என்பது பல இடங்களில் ஒரு கிரேடின் பெயர். இவற்றுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேஸ் தொகுப்பை வாசிப்பது நல்லது. பேராசிரியர் அறைச் சந்திப்பு, மாணவர் குழுப் படிப்பு, ஆலோசனை என்று 152 பதிவுகளின் எழுத்துவடிவம், தயக்கமும் குறுக்கீடும் அப்படியே இருக்கும்.

முழு லெக்சருக்கும் அதற்கேயான வேலை உண்டு: கவனத்தை இழுத்துப் பிடிப்பதும் குறிப்பெடுப்பதும். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுகள் இரண்டிலும் ஒலி ஒரே ஒருமுறைதான். ஐந்து முறை கேட்டே பழகிய காது அங்கே தடுமாறும். அதனால் வாரத்தில் நான்கு நாள் டிக்டேஷன், இரண்டு நாள் நிறுத்தாமல் 15 நிமிட லெக்சர். குறிப்பில் வாக்கியம் எழுதாதீர்கள். அம்புக்குறியும் ஒற்றைச் சொல்லும் போதும். 'ஓகே, ஸோ' என்று குரல் உயர்ந்தால் புதுப் பகுதி, புது வரி. 'லெட் மி பேக் அப்' என்றால் முன்னால் எழுதியதில் திருத்தம் வரப்போகிறது. முடிந்ததும் ஐந்து வரிச் சுருக்கம் எழுதி எழுத்துவடிவத்தோடு சரிபாருங்கள். தமிழிலேயே எழுதலாம், சோதிப்பது புரிதலைத்தானே.

இரண்டாம், மூன்றாம் வகைப் பிழைகள் 100 சொல்லுக்கு ஐந்தாறாகக் குறைந்த வாரத்தில் விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள்: டிக்டேஷன் இரண்டு நாள், லெக்சர் நான்கு நாள். சிலருக்கு இது ஆறு வாரத்தில் வரும், சிலருக்கு மூன்று மாதம். பேச்சாளரை மாற்றினால் பிழை மறுபடி ஏறும். அப்போது இரண்டு நாளைக்குப் பழைய விகிதத்துக்கே திரும்பிக்கொள்ளலாம்.