வாடகை வீட்டு அடுப்படிக்கு எது வாங்கலாம்: சுரக்ஷா ட்யூப், கேஸ் அலாரம், வாசலில் விற்கும் ‘சேஃப்டி டிவைஸ்’

சென்னையில் வாடகைக்கு இருப்பவர் கேஸ் பாதுகாப்புக்கென்று செலவழிக்க நினைத்தால் மூன்று பொருள்கள் கண்ணில் படும். ஏஜென்சி தரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப், ஆன்லைனில் வாங்கும் கேஸ் லீக் அலாரம், அபார்ட்மென்ட் கதவைத் தட்டி விற்கும் மீட்டர் வைத்த ‘சேஃப்டி டிவைஸ்’. முதலாவது கட்டாயம் வேண்டும். இரண்டாவது, வைக்க சரியான இடம் இருந்தால் வாங்கலாம். மூன்றாவது வேண்டவே வேண்டாம். விலையைப் பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழ்.

ட்யூபிலிருந்து தொடங்கலாம். வீடு மாறி வரும்போது முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பச்சை ரப்பர் ட்யூப் பல வீடுகளில் அப்படியே தொங்கும். முதல் வேலை அதைக் கழற்றிப் போடுவது. சுரக்ஷா ட்யூபின் ரப்பருக்குள் கம்பிப் பின்னல் இருக்கிறது. எலி மேல்தோலைக் கடித்தாலும் அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. தரையோடு தரையாக இருக்கும் போர்ஷன்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 9573 என்ற எண், தயாரித்த ஆண்டு மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயுள் 5 ஆண்டு. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு துண்டை ஒட்டுப்போட்டு நீட்டவே கூடாது.

இதில் உள்ள ஒரே தொல்லை மாட்டுவதுதான். கம்பி இருப்பதால் நாசில் மேல், அதாவது ரெகுலேட்டரிலும் அடுப்பிலும் ட்யூப் மாட்டும் குழல்முனை மேல், சுலபத்தில் ஏறாது. முனையைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். நெருப்பில் வாட்ட வேண்டாம். நாசிலில் உள்ள வரிகள் எல்லாம் மறையும்வரை தள்ள வேண்டும். பாதியில் நின்றால் கிளிப் போட்டும் பயனில்லை. பிறகு சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் எடுத்து வால்வு, ரெகுலேட்டர் முனை, ட்யூபின் முழு நீளம், அடுப்பின் பின்பக்க இணைப்பு, அடுப்பைத் திறந்து மூடும் திருகுகள் என்று வரிசையாகத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை மட்டும் செய்யவே வேண்டாம்.

ட்யூப் சரியாக இருந்தும் வீடு அதைக் கெடுக்கும். கிரானைட் மேடையில் போட்ட ஓட்டையின் விளிம்பு கூராக இருந்தால் அது ட்யூபைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். விளிம்பை மழுங்கத் தேய்க்க ஓனரிடம் கேளுங்கள். பர்னருக்கு நேர் பின்னால் ட்யூப் போனால் சூட்டில் வெடிப்பு விடும்.

வாசலில் விற்கும் டிவைஸுக்கு வருவோம். “கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறோம்” என்பார்கள், அடையாள அட்டை மாதிரி ஏதோ தொங்கும். சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே பொருத்தும் கருவி இது. எண்ணெய் நிறுவனங்கள் இதை அங்கீகரிக்கவில்லை. வாங்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களை எச்சரித்தும் இருக்கின்றன. எச்சரிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், கருவியின் வேலையையே பார்க்கலாம். கேஸ் எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் காட்டும் என்கிறார்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு அல்ல. மே மாத மதியத்தில் முள் மேலே நிற்கும், மார்கழி விடியலில் கீழே இறங்கும், கேஸ் அதே அளவுதான் இருக்கும். கசிந்தால் தானாக மூடிக்கொள்ளும் என்பது அரை உண்மை. ட்யூப் முழுதாகக் கழன்று கேஸ் பீறிட்டால் மூடலாம். வீடுகளில் வழக்கமாக நடக்கும் மெல்லிய கசிவில் அசையாது. இதைப் பொருத்தினால், ஒரு இணைப்பு இருந்த இடத்தில் கசிய இரண்டு இணைப்புகள். மிச்சம் தெரிய வேண்டுமானால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே துடையுங்கள். திரவம் உள்ள மட்டம்வரை ஈரம் தாமதமாகக் காயும். செலவு இல்லை.

அலாரம் நல்ல பொருள்தான். ஆனால் சென்னை வாடகை வீடுகளில் இது பெரும்பாலும் தவறான இடத்தில் மாட்டப்படுகிறது. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையில் படியும். ஆகவே அலாரம் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். நம் அடுப்படிகளில் பிளக் பாயின்ட் மேடைக்கு மேலே, மிக்ஸி வைக்கும் உயரத்தில் இருக்கும். நேராகப் பிளக்கில் குத்தும் மாடலை அங்கே மாட்டினால் கேஸ் இடுப்பளவு ஏறிய பிறகே கத்தும். அதனால் ஒன்றரை மீட்டராவது ஒயர் உள்ள மாடலாகப் பாருங்கள். சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்றால் இருபக்க டேப் போதும். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீட்டில் கைப்பிடி அளவாவது தூக்கி ஒட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கீழே போடாதீர்கள்.

எண்களில் சொன்னால் அவசரம் புரியும். காற்றில் எல்பிஜி சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். எட்டுக்கு ஆறு அடியில், பத்தடி உயரமுள்ள அடுப்படியை அந்த அளவுக்கு நிரப்ப ஏறக்குறைய அரை கிலோ கேஸ் போதும். சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. தரையோரம் படிவதால், காலடியில் ஆபத்தான அளவு எட்டுவதற்கு அரை கிலோகூடத் தேவைப்படாது.

குறைகளும் உண்டு. மலிவான அலாரங்களில் உள்ள டின் ஆக்சைடு சென்சாருக்குக் கொசு ஸ்ப்ரே, சென்ட், சானிடைசர் எல்லாமே கேஸ்தான். தினமும் வீண் சத்தம் போட்டால் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், அதோடு முடிந்தது. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத மாடல் ஊமை. டெஸ்ட் பட்டன் சத்தம் வருகிறதா என்று மட்டுமே சொல்லும். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. சென்சார் நாளாக நாளாக மந்தமாகும், பெட்டியில் போட்ட ஆயுள் முடிந்ததும் மாற்றுங்கள். கேஸ் கீசர் உள்ள வீட்டில் இன்னொன்று: கீசர் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை இந்த அலாரம் உணராது. அதற்குத் தனிக் கருவி, காற்றோட்டமுள்ள குளியலறை இரண்டும் வேண்டும்.

டோரண்ட் கேஸ் குழாய் இணைப்பு உள்ள குடியிருப்புக்குக் குடிபோனால் அலாரத்தின் இடம் தலைகீழாகும். குழாயில் வருவது மீத்தேன், காற்றைவிட லேசு. மேற்கூரைக்கு ஓரடி கீழே மாட்டுங்கள். பழைய எல்பிஜி அடுப்பை ஜெட் (பர்னருக்குக் கேஸ் விடும் சின்னத் துளையுள்ள பாகம்) மாற்றாமல் அதில் இணைக்கக் கூடாது.

மாடுலர் கிச்சன் உள்ள புது ஃபிளாட்களில் சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைத்திருப்பார்கள். பார்க்க அழகு, கசிந்தால் கேஸ் அங்கேயே தேங்கும். கதவின் அடியிலும் மேலும் காற்றுத் துளை, அல்லது ஜாலிக் கதவு கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்டால் நடக்கும், பிறகு கேட்டால் இழுபறி. பால்கனியிலிருந்து சுவர் வழியாக வரும் தாமிரக் குழாயை யார் போட்டது என்று தெரியாவிட்டால் ஏஜென்சி மெக்கானிக் பார்க்காமல் திறக்காதீர்கள்.

ஏஜென்சி சேவையில் குடித்தனக்காரர்கள் தவறவிடுவது முகவரி மாற்றம். எண்ணெய் நிறுவனங்களின் விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம்வரை, பொருள் சேதத்துக்கு 2 லட்சம்வரை உண்டு. பொருள் சேதத் தொகை பதிவான முகவரியில் நடந்தால்தான். வேளச்சேரி இணைப்பைப் பெரம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போய் முகவரி மாற்றாமல் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. வாடகை ஒப்பந்தம் முகவரிச் சான்றாகச் செல்லும். தனியாகத் தங்குபவர் பெட்டிக்கடையில் சின்ன சிலிண்டரை நிரப்புவதைவிட, அடையாள அட்டை காட்டி இந்தியன் ஆயிலின் 5 கிலோ ‘சோட்டு’ வாங்கலாம். முகவரிச் சான்று கேட்பதில்லை.

5 ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சி செய்யும் கட்டாயச் சோதனைக்கு வருபவர் ரசீது தருவார். ரசீதுக்குப் பதில் டிவைஸை எடுத்துக் காட்டினால் அவர் வேறு ஆள்.

இரவில் கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி வெள்ளை மூடியைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். தெருவுக்கு வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்த மூடியைச் சிலிண்டர் கழுத்தோடு சேர்த்துக் கட்டிய நூலை டெலிவரி அன்றே அறுத்து எறிந்துவிடாதீர்கள்.