ஐகப் வாங்கினேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது

கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டையைச் சுற்றி மாட்டுகிற வட்ட ரப்பர் வளையம்தான் ஐகப். 350 ரூபாய்க்கு ஒன்று வாங்கி என் நிக்கான் எஃப்ஈ ஃபிலிம் கேமராவில் மாட்டி மூன்று ரோல் ஓட்டியாயிற்று. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படம் எடுப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய் நாமும் படத்தில் நிற்கிற செல்ஃப் டைமருக்காக என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

எஃப்ஈ 1978இல் வந்தது. வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டர் செல்கள் இரண்டும் மேலே, கண் வைக்கும் ஓட்டைக்கு இரு பக்கமும் இருக்கின்றன. லென்ஸ் வழியாக வருவதை மட்டும் அளக்க வேண்டியவை, பின்னாலிருந்து நுழையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடும். படம் விழும் நொடியில் உள்ளே இருக்கும் மிர்ரர் மேலே எழும்பி அடைத்துக்கொள்வதால் அந்த வெளிச்சம் ஃபிலிமைத் தொடாது, ஆனால் அதற்குள் மீட்டர் ஏமாந்து ஷட்டர் வேகத்தைக் கூட்டியிருக்கும், ஃபிலிமுக்கு வெளிச்சம் போதாமல் நெகட்டிவ் மெலிந்துதான் வரும்.

சாயங்காலம் திண்ணை நிழலில் அம்மாவை எடுக்கப் போனேன், என் முதுகில் சுள்ளென்று வெயில். ஷட்டர் வேகம் காட்டும் முள் 125இல், அதாவது நொடியில் 125இல் ஒரு பங்கில், நின்றது. கண்ணோரத்தைக் கையால் மறைத்தேன், மெதுவாக 60க்கு இறங்கியது. முழுசாக ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்! நெகட்டிவ் ஃபிலிம் இதைத் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு தாங்காது. ஐகப் மாட்டிய பிறகு அதே இடம், அதே வெயில், கையை வைத்தாலும் எடுத்தாலும் முள் அசையவில்லை. மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுமோ என்ற பயமும் போயிற்று. குறை என்றால் மரை தானாகக் கழன்றுகொள்கிறது, இரண்டு முறை பைக்குள் தேடி எடுத்தேன்.

சரி, செல்ஃப் டைமர். ஐகப் இருக்கிறதே என்ற தைரியத்தில் மொட்டை மாடியில் டிரைபாட் போட்டு, ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோவில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் குடும்பத்தோடு நின்றேன். எல்லார் முகமும் இருட்டு. தப்பு என்னுடையதுதான், கண் இல்லாத ஐகப் வெறும் வளையம், வெயில் நேராக உள்ளே போகும். கண் வைத்து அளந்த எக்ஸ்போஷரை மாறாமல் பிடித்து வைக்கலாம் (லாக்) என்றால் இந்தக் கேமராவில் அதற்கும் டைமருக்கும் ஒரே நெம்புகோல், லென்ஸ் பக்கம் தள்ளினால் லாக், எதிர்ப்பக்கம் திருப்பினால் டைமர், இரண்டும் சேர்ந்து நடக்காது. 1980இல் வந்த நிக்கான் எஃப்3இல் கண் வைக்கும் ஓட்டையை மூடவே ஒரு குட்டிக் கதவு உண்டு, பார்க்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். பல கேனான் ஈஓஎஸ் கேமராக்களின் தோள்வாரில் சின்ன ரப்பர் மூடி ஒன்று தொங்குமே, அதுவும் இதற்குத்தான்.

இப்போது கண் வைத்து முள்ளைப் பார்த்து, டயலை ஆட்டோவிலிருந்து அந்த வேகத்துக்குத் திருப்பிவிட்டு அப்புறம்தான் ஓடுகிறேன். ஆட்டோதான் வேண்டும் என்றால் அந்த ஓட்டையை மூட, கேமராவின் முதுகில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.