டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுத்தல்: ஆறு ஆண்டு அனுபவம்

சேலத்தில் குடியிருந்து, மாதம் ஒருமுறையாவது ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ ஏறி இறங்கும் 150 சிசி வண்டி என்னுடையது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாவதற்கு முன் வாங்கியது என்பதால் முன்சக்கரத்தில் சாதாரண டிஸ்க்கும் பின்சக்கரத்தில் டிரம்மும்தான். கடந்த ஆறு ஆண்டுகளில் இதன் பிரேக் ஆயிலை நான்கு முறை வீட்டிலேயே மாற்றி, ஒவ்வொரு முறையும் லைனில், அதாவது லீவரிலிருந்து சக்கரம் வரை ஆயில் செல்லும் குழாயில், புகுந்த காற்றை நானே வெளியேற்றியிருக்கிறேன். முதல் முறை இரண்டு நாள் பிடித்தது; கடைசி முறை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்த வேறுபாட்டுக்குக் காரணமான சில செய்திகள் இந்த வேலையில் புதிதாக இறங்குவோருக்குப் பயன்படும்.

இதில் நான் இறங்க நேர்ந்ததே கொல்லிமலையில்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும், பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு, முன் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போனது. வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்ற பிறகு அதே லீவர் மறுபடியும் இறுகியது. நின்று ஆறினால் திரும்பி வரும் தளர்ச்சி என்றால், ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் கட்டியிருக்கிறது என்று பொருள். காலையில் வண்டியை எடுக்கும்போதே லீவர் பஞ்சு போல் இருந்தால்தான் அது காற்று. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீத அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. என் வண்டியில் அப்போது நான்கு ஆண்டுப் பழைய ஆயில் இருந்தது. புதிய ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். நான் வெளியே எடுத்ததோ வரக்காப்பி நிறத்தில் இருந்தது.

பழையதை எடுத்துப் புதியதை ஊற்றுவது கடினமில்லை. அதன் பிறகு லீவர் இறுகாததுதான் என்னை வாட்டியது. மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சை, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உள்ள நிப்பிளில் மாட்டி இழுத்தேன்; குமிழிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. ஒரு பாட்டில் தீர்ந்து அடுத்த பாட்டிலும் பாதியான பிறகே, அந்தக் குமிழிகள் லைனிலிருந்து வரவில்லை, தளர்த்திய நிப்பிளின் மரையைச் சுற்றி வெளிக்காற்றே உள்ளே இழுபட்டு வருகிறது என்பது புரிந்தது. உறிஞ்சி எடுக்கும் எந்தக் கருவியிலும் இந்த ஏமாற்று உண்டு. ஆகவே ட்யூபில் குமிழி தெரிவதை மட்டும் வைத்து லைனில் காற்று இருப்பதாக முடிவுகட்டாதீர்கள். லீவர் கைக்கு எப்படி இருக்கிறது என்பதையே அளவுகோலாக வையுங்கள்.

மறுநாள் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போய் நின்றேன். வண்டியைத் தொடாமலே, "தம்பி, கீழ எத்தனை தடவை எடுத்தாலும் வராதுங்க. ஏர் மேல நிக்குது, மேல எடுங்க" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்த ஒரு வாக்கியம்தான்.

மேல் என்று அவர் சொன்னது, லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், ஹோஸ் வந்து சேரும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டை. ஹேண்டில்பாரின் நுனி வெளிப்பக்கமாகச் சரிந்திருப்பதால், உட்பக்கத்தில் இருக்கும் அந்த இணைப்புதான் பல வண்டிகளில் லைனின் மிக உயரமான இடமாக அமைகிறது. காற்று மேல்நோக்கி ஏறி அங்கே தங்கிவிடுகிறது. லீவரின் ஒரு அழுத்தத்துக்கு நகரும் ஆயில் மிகக் குறைவு என்பதால், அந்தக் குமிழியை ஹோஸ் நெடுகத் தள்ளிக் காலிப்பர் வரை கொண்டுவர முடிவதில்லை. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து ஹேண்டிலை முழுவதும் இடப்பக்கம் திருப்பினால் வலக்கைப் பக்கம் உயர்ந்து, காற்று ஆயில் டப்பாவை நோக்கி நகர வழி கிடைக்கிறது. அந்த நிலையில் லீவரை முழுவதும் பிடிக்காமல் அரை அங்குலம் மட்டும் மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால், டப்பாவின் அடியிலுள்ள சிறு துளை வழியே கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு முதல் முறை ஏறத்தாழ இருபது குமிழிகள் வந்தன. அதன் பிறகு லீவர் கையில் கல்லாக நின்றது.

அப்படியும் வராவிட்டால் பான்ஜோ போல்ட்டைச் சுற்றித் துணியைச் சுற்றி, லீவரை இலேசாக அழுத்தியபடி போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, ஆயில் கசிந்ததும் லீவரை விடுவதற்கு முன்பே இறுக்கிவிட வேண்டும். போல்ட்டை முழுவதுமாகக் கழற்றினால் இருபுறமும் உள்ள செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுவது நல்லது.

இப்போது நான் செய்யும் முறையில் கருவிகள் மிகக் குறைவு. எட்டாம் நம்பர் ரிங் ஸ்பேனரை நிப்பிளில் போட்டு, அதன் மேல் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் ட்யூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க வைக்கிறேன். லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் தளர்த்தி, ஆயில் வெளியேறியதும் நிப்பிளை மூடி, அதன் பிறகே லீவரை விடுகிறேன். இந்த வரிசை மாறினால் வெளியேற்றிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வருவதற்குள் ஊற்றிவிட வேண்டும். ஒருமுறை பேச்சுவாக்கில் டப்பா வறண்டுபோக, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. நிப்பிள் உள்ளீடற்ற சிறிய திருகு, ஆகையால் பலம் கொண்டு இறுக்கக் கூடாது. ஒடிந்தால் காலிப்பருக்கே சேதம்.

இடையில் ஆசைப்பட்டு வாங்கிய கை வேக்யூம் பம்ப், பழைய ஆயிலை விரைவாக உறிஞ்சி எடுக்க உதவியது, காற்றெடுக்க உதவவில்லை. சிரிஞ்சில் ஆயிலை நிரப்பிக் காலிப்பரிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் முறை நன்றாகவே வேலை செய்கிறது, ஏனெனில் குமிழி தான் போக விரும்பும் திசையிலேயே போகிறது. ஆனால் மேலே டப்பா நிரம்பி வழிந்து டேங்கின் பெயின்ட் மீது பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, பட்ட இடத்தை உடனே கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் லீவரை இறுக்கிப் பிடித்துக் கயிற்றால் ஹேண்டிலோடு கட்டி ஓர் இரவு விட்டுவிடுவது பலரும் சொல்லும் வழி. நான்கு முறையில் மூன்று முறை செய்து பார்த்தேன். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் லீவர் முந்தைய நாளைவிடச் சற்று இறுகியே இருந்தது. இருந்தாலும் மேலே தங்கிய பெரிய குமிழியை எடுக்காமல் கயிற்றை மட்டும் நம்பியபோது பலன் கிடைக்கவில்லை. எஞ்சிய நுண்குமிழிகளுக்கு அது போதும்.

வண்டியை வீதிக்கு எடுப்பதற்கு முன் லீவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது மெல்ல உள்ளே இறங்குகிறதா, நிப்பிளிலும் பான்ஜோவிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். பிறகு வாசலிலேயே நடைவேகத்தில் நான்கைந்து முறை பிரேக் பிடிக்கிறேன். திறந்த பாட்டிலில் மீந்த ஆயிலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதில்லை, சிறிய பாட்டிலாகவே வாங்குகிறேன். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் கையால் அழுத்தி எடுப்பது பல நேரம் போதாது. கணினிக் கருவியால் அதன் வால்வுகளை இயக்க வேண்டியிருக்கும் என்பதால் தம்பியின் வண்டியை நான் தொடுவதில்லை, சர்வீஸுக்கே அனுப்புகிறேன்.