கல்லடித் தொடர்மாடியில் கார் சார்ஜிங்: 2 வருட அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் எட்டு வீடுகள் உள்ள தொடர்மாடியில் இருக்கிறோம். எங்கள் மின்சாரக் கார் நிற்பது கீழே, தூண்களுக்கு நடுவில். வேலை கல்முனையில், போகவர 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. 30 கிலோவாட்-மணி பற்றரி உள்ள என் பழைய நிசான் லீஃபுக்கு அது பெரிய தூரமில்லை. பாடுபட்டதெல்லாம் சார்ஜ் ஏற்றத்தான்.

முதல் மாதம் தரிப்பிடச் சுவரில் இருந்த 13 ஆம்பியர் பிளக்கில் ஏற்றினேன். செய்யக்கூடாத வேலை. ஒருநாள் கருகல் மணம் வந்து கழற்றிப் பார்த்தால் பிளக் உருகியிருந்தது. கேத்தல் ஐந்து நிமிடம் இழுக்கிற கரண்டும் கார் மணித்தியாலக் கணக்காக விடாமல் இழுக்கிறதும் ஒன்றல்ல. மேலே பிள்ளைகள் படுத்திருந்ததை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறும்.

போதாததற்கு அந்தப் பிளக் எட்டு வீட்டுக்கும் பொதுவான மீற்றரில் இருந்தது. கூட்டத்தில் கீழ்வீட்டு அக்கா நேரே கேட்டா: "தம்பி, உங்கட காருக்கு நாங்களும் சேர்ந்தா காசு கட்டுற?" நியாயமான கேள்வி. படிக்கட்டடியில் இருந்த என் மீற்றரிலிருந்தே தனி லைன் இழுத்தேன்: 28 மீற்றர், 6 சதுர மில்லிமீற்றர் வயர், 20 ஆம்பியர் பிரேக்கர். அதோடு வாக்குவாதம் முடிந்தது.

7 கிலோவாட் சார்ஜர் போடச் சொன்னவர்கள் பலர். அது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எங்கள் வீட்டு இணைப்பே 30 ஆம்பியர்தான். 3 கிலோவாட் போதும். ஒருநாள் ஓட்டத்துக்கு 12 யூனிட் அளவில் போகும், நாலு மணித்தியாலத்தில் ஏறிவிடும். டைமரை இரவு 10.30க்கு வைத்திருக்கிறேன். எல்லோரும் மின்சாரம் பாவிக்கிற உச்ச நேரமும் கழிந்துவிடும், வீட்டில் அயன்பொக்ஸ், ஏசியோடு மோதலும் இல்லை.

கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கடையில் முதலில் தந்தது ஏசி (மாறுமின்னோட்ட) வகை. காரின் சார்ஜர் ஏசி மின்சாரத்தை டிசி (நேர்மின்னோட்டம்) ஆக்குவதால் கசிவிலும் டிசி கலக்கலாம். அப்போது ஏசி வகை விழாமலே இருந்துவிடக்கூடும். குறைந்தது ஏ வகையாவது கேட்டு வாங்குங்கள். சார்ஜரிலேயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைப் பிடிக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் எதிர்பாராதது எர்த், அதாவது நில இணைப்பு. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் மணல் நிலம் காய்ந்து எர்த் சரியாகக் கிடைக்காமல், சார்ஜர் சிவப்பு லைற் காட்டி நின்றுவிட்டது. வயரிங் செய்த தம்பி இன்னும் இரண்டு எர்த் கம்பிகளை ஈரமண் வரை இறக்கிய பிறகு, போன கச்சானில் ஒருநாளும் நிற்கவில்லை. மாரியில் தரிப்பிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் சார்ஜர் பெட்டி நெஞ்சு உயரத்தில். உப்புக்காற்றில் ஸ்க்ரூக்கள் பச்சை பிடிக்கின்றன; ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயினை நிறுத்தி அந்தத் தம்பியே துடைத்து இறுக்கித் தருகிறான்.

ஒரு பிழை விட்டேன். லைன் இழுக்க நிலத்தை வெட்டிய அன்றைக்கே பிறகு வயர் விட இரண்டு வெற்றுக் குழாய் கூடப் புதைத்திருக்கலாம். இப்போது இரண்டாம் மாடியில் மின்சார ஸ்கூட்டர் வந்திருக்கிறது. அதே சீமெந்தைத் திரும்ப உடைக்கப்போகிறோம். இந்தமுறை எட்டு வீட்டுக்கும் சேர்த்துக் குழாய் போடச் சொல்லியிருக்கிறேன்.