சின்ன டிராக்டருக்கு லோடர் பக்கெட்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

20 முதல் 45 குதிரைத்திறன் வரையுள்ள டிராக்டரில் முன்லோடர் மாட்டியிருப்பவர்கள் பக்கெட் வாங்கப் போனால் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத்தான். பெரிதாக இருந்தால் நடை குறையும் என்ற கணக்கு. அது தலைகீழ்க் கணக்கு. லோடர் எவ்வளவு தூக்கும் என்று பார்த்து, அதில் பக்கெட்டின் சொந்த எடையைக் கழித்து, மிச்சத்துக்கு ஏற்ற அளவைத் தேட வேண்டும். அப்படித் தேடினால் சரியான பக்கெட் பெரும்பாலும் கண்ணுக்குக் கொஞ்சம் சின்னதாகவும் மெலிதாகவும்தான் தெரியும்.

லோடர் கையேட்டில் தூக்கும் திறனுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பிவட் பின் (பக்கெட் லோடர் கையில் மாட்டிச் சுழலும் அச்சாணி) மையத்தில் அளந்தது, இன்னொன்று அதற்கு 500 மி.மீ. முன்னால் அளந்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் எண். பக்கெட்டில் கிடக்கும் மண்ணோ பின்னுக்கு முன்னால்தான் கிடக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது இரண்டாவது எண். அது முழு உயரத்துக்கான அளவா என்பதையும் பாருங்கள். தரையிலிருந்து கிளப்பும் பாரத்தை எல்லா லோடரும் உச்சிவரை கொண்டுபோவதில்லை. பாதி உயரத்தில், எண்ணெய் அழுத்தம் மிஞ்சினால் வழிவிடும் ரிலீஃப் வால்வு திறந்து, சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணக்கு போட்டே பார்க்கலாம். 500 மி.மீ. முன்னால், முழு உயரத்தில் 340 கிலோ தூக்கும் லோடர் ஒன்று. பக்கெட்டைச் சட்டென்று கழற்றி மாட்ட உதவும் குயிக் கப்ளர் 35 கிலோ, பக்கெட் 95 கிலோ. மிச்சம் 210 கிலோ. ஈர மணல் ஒரு கனமீட்டர் சுமார் 1,900 கிலோ வரும். 210 கிலோவுக்கு 110 லிட்டர்தான். ஆனால் அந்த டிராக்டர் அகலத்துக்கு 170 லிட்டர் பக்கெட்டைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அதில் ஈர மணல் மட்டமாக நிரம்பினால் 323 கிலோ. இந்தக் கணக்கு சற்றுக் கறாரானது, ஏனென்றால் வெறும் பக்கெட்டின் எடை 500 மி.மீ. தள்ளி நிற்பதில்லை, பின்னுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கறாராகவே இருக்கட்டும். சில கையேடுகள் பக்கெட் எடையைக் கழித்த பிறகே எண்ணைத் தருகின்றன. அடிக்குறிப்பைப் படிக்காமல் இரண்டு முறை கழித்துவிட வேண்டாம்.

கொள்ளளவிலும் இரண்டு உண்டு: விளிம்பு மட்டத்துக்கு நிரப்பியது, கூம்பாகக் குவித்தது. பட்டியலில் எது போட்டிருக்கிறது என்று சொல்லாமலே விற்பார்கள். ஒரே பக்கெட்டுக்கு இரண்டு எண்ணும் கணிசமாக மாறும். ஒப்பிடும்போது மட்டத்தை மட்டத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

இதே லோடருக்கு வேலை மக்கிய எரு, மரச்சீவல் மட்டும்தான் என்றால் கதை மாறும். மக்கிய எரு கனமீட்டருக்கு 550 கிலோ என்று வைத்தால், 300 லிட்டர் பிடிக்கும் பெரிய பக்கெட்டிலும் 165 கிலோதான். பக்கெட் கூடுதலாக 35 கிலோ எடை இருந்தாலும் சமாளிக்கும். இலேசான சரக்குக்கென்று வரும் உயரமான பக்கெட்டுகள் இதற்காகத்தான், அந்த வேலையில் நல்ல சாமான்தான். ஆனால் அதே பக்கெட்டால் ஒருநாள் ஈர மணல் அள்ளினால் 570 கிலோ. முழுசாக அள்ளாமல் பாதியில் நிறுத்துவோம் என்று சொல்லி வாங்குகிறவர்கள், அள்ளும்போது நிறுத்துவதில்லை. கனமான சரக்கும் இலேசான சரக்கும் கலந்து அள்ளுகிறவர்கள் இதை எடுக்காமல் இருப்பது நல்லது.

அகலத்துக்கு விதி எளிது. பின்சக்கரங்களின் வெளிப்புற அகலத்தை அளந்து, அதைவிட 5 செ.மீ. வரை கூடுதலாக எடுங்கள். குறைந்தால் குவியலுக்குள் போகும்போது டயர் அள்ளாத மண்மீது ஏறி, டிராக்டர் ஒருபக்கம் சாயும். நிரவும்போது சக்கரத்தடம் விழுந்துகொண்டே வரும். அளவுக்கு மீறி அகலமானால் அதே தள்ளுவிசை நீளமான விளிம்பில் பரவி, மண்ணில் இறங்காது. அகலத்தைவிட அதிகம் தவறு நடப்பது ஆழத்தில். பிவட் பின்னிலிருந்து முன்விளிம்பு வரை உள்ள தூரம் 600 மி.மீ. இருக்கும் பக்கெட்டையும் 750 மி.மீ. இருக்கும் பக்கெட்டையும் ஒரே லோடரில் மாட்டினால், இரண்டாவதில் விளிம்பில் கிடைக்கும் நெம்புவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சிலிண்டர் அதேதான், நெம்புகோல்தான் நீண்டுவிட்டது. நீண்ட தரை உள்ள பக்கெட்டில் விளிம்பு இருக்கையிலிருந்து தெரியும், நிரவல் சுத்தமாக வரும். கெட்டித் தரையைப் பெயர்க்கிறவருக்குக் குட்டையானது, தளம் நிரவுகிறவருக்கு நீண்டது.

தகட்டுக்கு வருவோம். “கனமான தகடு, பல வருஷம் உழைக்கும்” என்பது விற்பவர் பேச்சு. 1,300 மி.மீ. அகல பக்கெட்டில் தரை, முதுகு, இரு பக்கங்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2.2 சதுரமீட்டர் தகடு போகிறது. ஒரு சதுரமீட்டர் இரும்புத்தகடு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. அதாவது கனம் ஒரு மி.மீ. கூடினால் பக்கெட் 17 கிலோ கூடும். 5 மி.மீ.க்குப் பதில் 8 மி.மீ. எடுத்தால் 50 கிலோவுக்கு மேல், ஒவ்வொரு நடையிலும், மண்ணுக்குப் பதிலாக இரும்பைத் தூக்குகிறோம். 30 குதிரைத்திறனுக்குக் கீழே 4 அல்லது 5 மி.மீ. உடல் போதும், அதற்கு மேலே 6 மி.மீ. போதும். கூடுதல் கனம் தேவைப்படுவது தேயும் இடங்களில் மட்டும்: முன்விளிம்பு, பக்கத்தகட்டின் கீழ்மூலை, தரைக்கு அடியில் ஓடும் தேய்பட்டைகள்.

பக்கெட் தேய்ந்து போவதைவிடக் கிழிந்து போவதுதான் அதிகம். லோடர் கையும் சாய்ப்பு சிலிண்டரும் வந்து சேரும் காதுத்தகடுகளைத் திருப்பிப் பாருங்கள். காதை நேரே 5 மி.மீ. முதுகுத்தகட்டில் பற்றவைத்திருந்தால், வெல்டிங் விடாது. வெல்டிங்கை ஒட்டிய தகடுதான் பிளவு விடும், முதலில் பெயின்டில் மயிரிழைபோல் ஒரு துருக்கோடாக. நல்ல பக்கெட்டில் காதுக்கு அடியில் இரட்டைத்தகடு இருக்கும், அல்லது இரு காதுகளையும் இணைத்து முதுகின் அகலம் முழுக்க ஒரு பெட்டிச்சட்டமோ குழாயோ ஓடும். தரையும் பக்கமும் சேரும் மூலையில் வெல்டிங் விட்டுவிட்டுப் போட்டிருந்தால் அதையும் தவிர்க்கலாம். அந்த இடைவெளியில் மண் புகுந்து ஈரம் தங்கி அரிக்கும்.

முன்விளிம்பைப் பொறுத்தவரை ஒரே அபிப்பிராயம்தான்: போல்ட் போட்டுத் திருப்பி மாட்டக்கூடிய கட்டிங் எட்ஜ் (மண்ணை வெட்டும் தனிப்பட்டை) வேண்டும். 150 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனம் சின்ன டிராக்டருக்குத் தாராளம், 1,300 மி.மீ. நீளத்துக்கு அது 18 கிலோ. 20 மி.மீ. போட்டால் 30 கிலோவைத் தாண்டும், அதுவும் பின்னுக்கு மிகத் தொலைவான நுனியில். ஒரு பக்கம் தேய்ந்ததும் கழற்றித் திருப்பலாம், ஆனால் தேய்மானம் பக்கெட்டின் சொந்த அடிவிளிம்பைத் தொடும் முன்பே திருப்ப வேண்டும். தள்ளிப்போட்டால் அடிவிளிம்பும் வளைந்து, புது எட்ஜ் தகடு ஒட்டி உட்காராது. போல்ட்டுகள் சதுரக் கழுத்தும் கூம்புத் தலையும் உள்ள கலப்பை போல்ட்டாக இருக்கட்டும். தலை அடியில் பதிந்து கிடக்கும், நட்டு மேலே வரும். முதல் சில மணி நேர வேலைக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிவிடுங்கள். தளர்ந்த எட்ஜ் ஆடி ஆடித் துளைகளை நீள்வட்டமாக்கிவிடும்.

எட்ஜைப் பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால், அது என்ன இரும்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்பன் மிகுந்த எட்ஜை முன்சூடு இல்லாமல், சாதாரண 6013 வெல்டிங் ராடால் பற்றவைத்தால் ஆறும்போதே பக்கத்தில் வெடிப்பு விடும். 7018 போன்ற ஹைட்ரஜன் குறைந்த ராடு, உலர்ந்த நிலையில், முன்சூட்டோடு வேண்டும்.

பல் வேண்டுமா? வேர், கெட்டிமண், சரளை என்றால் வேண்டும். ஆனால் மெல்லிய விளிம்பில் நேரடியாகப் பற்றவைத்த பற்கள் வேண்டாம். கல்லில் ஒரே பல் மாட்டினால் மொத்த விசையும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி விளிம்பு மேல்நோக்கி வளையும். கழற்றி மாட்டும் பல்பட்டை இதைவிட எவ்வளவோ மேல்: விளிம்பின்மேல் உட்கார்ந்து இருபக்கமும் போல்ட்டில் நிற்கும், விளிம்புக்கே கூடுதல் பலம் தரும், நிரவல் வேலை வந்தால் சில நிமிஷத்தில் கழன்றுவிடும். பல் போட்ட பிறகு ஒரு மூலையால் மட்டும் கல்லையோ அடிமரத்தையோ நெம்பும் ஆசை வரும். அப்போது முறுக்கு முழுவதையும் லோடர் கைகள் வாங்குகின்றன. ஒரு கை மற்றதைவிடத் தாழ்ந்து, பக்கெட் என்றைக்கும் மட்டமாக உட்காராமல் போவது இப்படித்தான்.

பொருத்தும் முறையில் பின் போட்டு மாட்டுவது எடை குறைவு, பக்கெட்டும் கையை ஒட்டி நிற்கும். ஒரே பக்கெட்டோடு வாழ்நாளை ஓட்டுகிறவருக்கு அதுவே சிறப்பு. ஃபோர்க், கவ்வும் கிராப்பிள் என்று மாற்றி மாற்றி மாட்டுகிறவருக்குக் குயிக் கப்ளர் இல்லாமல் தீராது, ஆனால் அது சுமையை முன்னால் தள்ளுவதால் தூக்கும் திறனைக் கொஞ்சம் தின்னும். ஸ்கிட் ஸ்டியர் (கட்டுமான வேலைக்கான குட்டி லோடர் இயந்திரம்) வகைத் தட்டு ஐ.எஸ்.ஓ. 24410 அளவில் வரும். பண்ணை டிராக்டர் லோடர்களின் யூரோ ஹிட்ச் வேறு, ஒன்றில் மற்றது ஏறாது. சில நிறுவனங்களுக்குச் சொந்தப் பூட்டும் உண்டு. ஸ்கிட் ஸ்டியர் தட்டு இருக்கிறதே என்று ஸ்கிட் ஸ்டியர் இயந்திரத்துக்குச் செய்த பக்கெட்டையே வாங்கி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. மாட்டும், பூட்டும், ஆனால் வெறும் பக்கெட்டே 200 கிலோ இருந்தால் அப்புறம் எதைத் தூக்குவது?

பின் போடும் வகையில் வேறு கம்பெனி பக்கெட் வாங்கினால் பின் விட்டம், காதுகளின் உள்ளகலம், இடது வலது காதுகளின் மையதூரம், இவற்றோடு நான்காவதாக ஓர் அளவையும் எடுங்கள்: கீழ் பிவட் பின்னுக்கும் மேலே சாய்ப்புப் பின்னுக்கும் உள்ள தூரம். முதல் மூன்றும் சரியாக இருந்து இது மாறினால் பக்கெட் மாட்டிக்கொள்ளும். ஆனால் பின்சாய்வு குறைந்து மண் சிந்தும், அல்லது முழுசாகக் கொட்டாது, அல்லது சிலிண்டர் பாதியில் முட்டி நிற்கும். வாஷர் வைத்துச் சரிசெய்யக்கூடிய குறையல்ல இது.

நான்கு வேலை செய்யும் இரட்டைத்தாடை பக்கெட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். திறமையான சாமான்தான், கவ்வும், சுரண்டும், அடிவழியே கொட்டும். எடை சாதாரண பக்கெட்டின் ஏறக்குறைய இருமடங்கு, அதோடு முன்னால் இன்னொரு இருவழி ஹைட்ராலிக் இணைப்பும் வேண்டும். 35 குதிரைத்திறனுக்குக் கீழே வேண்டாம். கல் பொறுக்கும் சல்லடைப் பக்கெட், கல் காட்டில் வேலை இருந்தால் மட்டும். சாதாரண பக்கெட்டின் விளிம்பில் கவ்வி மாட்டும் ஃபோர்க் யாருக்குமே வேண்டாம். சுமை வெகுதூரம் முன்னால் போவதோடு விளிம்பையும் வளைத்துவிடும். தட்டோடு தனியாக வரும் ஃபோர்க் சட்டம் வாங்குங்கள்.

எந்த பக்கெட்டை எடுத்தாலும் பின்னால் எதிர்ப்பாரம் இல்லாவிட்டால் பயனில்லை. டயரில் நீர் நிரப்பினால் பிடிமானம் கூடும், ஆனால் அந்த எடை பின் ஆக்சிலில் நேராக இறங்குவதால் முன் ஆக்சிலின் சுமை குறையாது. மூன்றுமுனை இணைப்பில், ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் பாரம்தான் முன் ஆக்சிலை இலேசாக்கும். எவ்வளவு கிலோ என்பது லோடர் கையேட்டில் இருக்கும். தூக்கிய சுமையைச் சட்டென்று இறக்கி நிறுத்தும் பழக்கம் முன் ஆக்சிலுக்கும் அதன் சீலுக்கும் ஆகாது. நகரும்போது பக்கெட் தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கட்டும்.

புதிதாக மாட்டியதும் வண்டியைக் கிளப்பும் முன், பக்கெட்டை முழுசாகப் பின்சாய்த்து பானெட்டில் இடிக்கிறதா, ஹோஸ் எங்காவது நசுங்குகிறதா என்று தாழ்ந்த நிலையிலும் உயர்ந்த நிலையிலும் பாருங்கள். குயிக் கப்ளராக இருந்தால் பூட்டுமுளை இரண்டும் தட்டின் அடித்துளைகளைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். கைப்பிடி மடங்கிவிட்டது என்பதால் பூட்டிவிட்டது என்று அர்த்தமில்லை, துளையில் ஒரு கைப்பிடி மண் இருந்தாலே முளை இறங்காது. விளிம்பைத் தரையில் ஊன்றி பக்கெட்டை முன்னால் சாய்த்து அழுத்தினால், பூட்டாத பக்கம் அங்கேயே வாய் பிளந்து காட்டிக்கொடுக்கும்.

பழைய பக்கெட் என்றால் விளிம்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் பிடித்து வளைவைப் பாருங்கள். வளைந்த விளிம்பைச் சூடாக்கி நிமிர்த்தலாம். பின் துளை நீள்வட்டமாகியிருந்தால் துளைபெருக்கிப் புது புஷ் (பின்னைச் சுற்றி உட்காரும் உள்வளையம்) போட்டாக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். புஷ் புதிதோ பழையதோ, 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிரீஸ், பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை. பக்கெட்டைத் தரையில் இறக்கி பின்னில் சுமை இல்லாதபோது அடித்தால்தான் உள்ளே முழுக்கப் பரவும்.