கடலோரச் சாலையில் மிதிவண்டித் தடம்: வண்ணக் கோடா, கான்கிரீட் தடுப்பா?

செலவு: கோடு மலிவானது, சில நாள்களில் முடிந்துவிடும், தடுப்புக்கு வடிகாலையும் மாற்றியமைக்க நேரலாம்.

பாதுகாப்பு: கோட்டை எந்தக் காரும் தாண்டலாம், அதன்மேலேயே நிறுத்தவும் செய்யலாம், தடுப்போ வண்டிகளை உண்மையிலேயே விலக்கி வைக்கிறது.

நீடித்துழைப்பு: காற்றில் வரும் மணல் கோட்டைத் தேய்த்தும் மறைத்தும் விடுவதால், அதை அடிக்கடி பூச வேண்டும். தடுப்பிலும் குறை உண்டு: உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, பருத்த துரு கான்கிரீட்டையே பிளந்துவிடும். தடுப்பின் ஓரத்தில் தேங்கும் மணலில் சக்கரம் வழுக்கும் என்பதால், மணல் வெளியேற இடையிடையே திறப்பு விடாமல் கட்டுவது தவறு.

வேகம் மணிக்கு 30 கி.மீ.க்குள் அடங்கிய, வண்டிகள் குறைந்த சாலைக்குக் கோடு போதும். பேருந்தும் லாரியும் விரையும் சாலைக்குத் தடுப்பே பொருந்தும். நடப்பவர்களுக்கோ இரண்டிலும் தனி நடைபாதை வேண்டும். அவர்களை மிதிவண்டியோடு கலப்பது என் பார்வையில் ஏற்கத்தக்கதன்று.